குடிகாரன் என்ற பெயரும் குடிநோய் சிகிச்சையும்

எலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் சேரும் ஒருவரிடம் கேட்கப்படும் வழக்கமான கேள்விகளில் "குடிப்பழக்கம் உண்டா?" என்பதும் ஒன்று. பதிலும் பெரும்பாலும் வழக்கமானதுதான்: "எப்பவாவது, விசேஷம்னா கொஞ்சம்." சொல்பவர் நாள் தவறாமல் குவாட்டர் குடிப்பவராக இருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் மாமனார் நிற்கிறார், எதிர்க் கட்டிலில் ஊர்க்காரர் ஒருவர் படுத்திருக்கிறார். வேறு பதிலை அவர் எப்படிச் சொல்வார்? கேஸ் ஷீட்டில் அந்தப் பொய் அப்படியே பதிவாகிறது. தினமும் மதுவுக்குப் பழகிய உடலுக்கு அது திடீரென்று நின்றால், 6 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் போய்விடும். முதல் இரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத பூச்சியும் பாம்பும் சுவரில் ஊர்வதுபோலத் தெரியும். டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கி எறிவார், முறிந்த காலோடு எழுந்து ஓடப் பார்ப்பார். டெலிரியம் டிரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கும். முன்பே தெரிந்திருந்தால் தடுப்பது பெரிய வித்தையல்ல. டயசிபாம் அல்லது லோரசிபாம் வகை மருந்து, தயமின் ஊசி, உடன் கண்காணிப்பு. எல்லாம் அதே கட்டடத்தில் இருப்பவை. மருத்துவரிடம் இல்லாமல் போனது நோயாளி மறைத்த ஒரு தகவல் மட்டுமே.

போதைப் பழக்கத்தைப் பற்றி மரியாதையாகப் பேச வேண்டும் என்று யாராவது சொன்னால், அது நாகரிகம் சார்ந்த வேண்டுகோள் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். படித்தவர்களின் மென்மை, களத்தில் அல்லற்படுபவர்களுக்கு உதவாத அலங்காரம் என்ற சலிப்பும் கூடவே வருகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் நாகரிகத்தைச் சார்ந்தது அல்ல. குடிநோய்க்கான சிகிச்சை மற்றப் பல நோய்களைவிட அதிகமாக நோயாளியின் வாய்ச்சொல்லில் நிற்கிறது. எவ்வளவு, எத்தனை ஆண்டாக, கடைசியாக எப்போது, நிறுத்தியபோது என்ன ஆயிற்று என்பவற்றுக்கு ரத்தப் பரிசோதனை முழு விடை தராது. அவர்தான் சொல்ல வேண்டும். "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று வைத்திருக்கும் சமூகமோ அந்த வாய்ச்சொல்லின் மதிப்பை முன்கூட்டியே பறித்துவிடுகிறது. பேசினாலும் நம்பமாட்டார்கள், பேசினால் பெயரும் வந்து சேரும் என்று தெரிந்தவர் வாயைத் திறப்பதில்லை. இழிசொல் செய்யும் முதன்மையான கேடு மனத்தைப் புண்படுத்துவது அல்ல. சிகிச்சைக்குத் தேவையான உண்மையை அது வெளியே வரவிடுவதில்லை என்பதே.

கேடு எத்தனை பெரியது என்பதைச் சில எண்கள் காட்டும். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2019 பிப்ரவரியில் வெளியானது. 10 வயது முதல் 75 வயது வரையுள்ள இந்தியர்களில் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் அளவுக்குக் குடிப்பவர்கள் 5 கோடிக்கும் மேல். குடிக்கு ஆட்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்விலும் மதுசார் பாதிப்புக்குச் சிகிச்சை கிடைக்காதவர்கள் 86 விழுக்காடு என்றே வந்தது. இந்த இடைவெளி முழுவதையும் சொற்களின் தலையில் ஏற்றுவது நேர்மையாகாது. மையங்கள் குறைவு, மனநல மருத்துவர்கள் குறைவு, தினக்கூலிக்காரர் மூன்று வாரம் வேலையை விட்டுப் படுக்க முடியாது. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இலவசமாக மனநலப் பிரிவு இருந்தும், அந்த வாசலில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பக்கத்து மாவட்டத்துக்குப் பேருந்து ஏறுகிறவர்களின் கதையை இடப்பற்றாக்குறை விளக்காது.

சொல் உண்மையிலேயே பார்ப்பவரின் முடிவை மாற்றுகிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் கெல்லி, கசாண்ட்ரா வெஸ்டர்ஹாஃப் என்பவரோடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. இரண்டு மனநல மாநாடுகளுக்கு வந்திருந்த 500க்கும் மேற்பட்ட மனநலத் துறையினரிடம் ஒரு பத்திக் கதை கொடுக்கப்பட்டது. நீதிமன்ற உத்தரவின் பேரில் சிகிச்சையில் இருக்கும் ஒருவர், ஒழுங்காக இருந்துவந்தவர், ஒரு மாதத்துக்கு முன் சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொள்கிறார். அடுத்து என்ன செய்யலாம்? பாதிப் பேர் படித்த தாளில் அவர் போதைப்பொருளைத் துஷ்பிரயோகம் செய்பவர் என்றும், மீதிப் பேர் படித்த தாளில் போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர் என்றும் இருந்தது. மற்ற வரிகளெல்லாம் ஒன்றே. முதல் தாளைப் படித்தவர்கள், தவறு அவருடையதுதான், தண்டனை முறையில் நடவடிக்கை எடுக்கலாம் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். வேறுபாடு மலையளவு இல்லை, கேட்ட எல்லா அம்சங்களிலும் அது தென்படவும் இல்லை. இதை மறைத்துவிட்டு அந்த ஆய்வைப் பேசுவது முறையாகாது. ஆனாலும் அவர்கள் தெருவில் போகிறவர்கள் அல்லர். இந்த நோயைப் படித்து, இதே நோயாளிகளைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஒரே ஒரு சொல்லுக்கு அவர்கள் தராசே ஆடுமானால், காவல் நிலைய எழுத்தரும் முதலாளியும் மாமனாரும் எப்படி ஆடுவார்கள் என்று கணக்கிட வேண்டியதில்லை.

தமிழில் இந்தச் சாய்வு பெயர்ச்சொல்லோடு நிற்பதில்லை, விகுதியில் தொடங்குகிறது. ‘குடிகாரன்’ என்ற சொல் தன்னோடு ‘அவன்’ என்பதையும் இழுத்து வந்துவிடுகிறது. குடிகாரர் என்று யாரும் இயல்பாகச் சொல்வதில்லை. அதே அளவு குடிக்கும் அதிகாரியைப் பற்றிப் பேசும்போது வினையே மாறிவிடும்: "சார் கொஞ்சம் டிரிங்ஸ் சாப்பிடுவார்." சித்தாள் வேலை முடித்துவிட்டுக் கட்டிங் போடுகிறவர் குடிகாரன், கிளப்பில் நாலு ரவுண்டு போகிறவர் சோஷியல் டிரிங்கர். கல்லீரலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பெண்ணாக இருந்தால் பேச்சே வேறு. அந்த 2019 ஆய்வின்படி நாட்டில் பெண்களில் 1.6 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள், ஆனால் குடிகாரி என்ற பெயரின் பாரம் ஆண் சுமப்பதைவிடப் பல மடங்கு. நாளிதழ்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ‘போதை ஆசாமி ரகளை’ என்பது நம் மாவட்டச் செய்திப் பக்கத்தின் நிரந்தரத் தலைப்பு. நாட்டின் பிரஜையைக் குறிக்கும் குடிமகன் என்ற சொல்லைச் சிலேடையாக்கி, டாஸ்மாக் வரிசையில் நிற்பவர்களுக்குச் சூட்டுவதும் பத்திரிகைகளின் வழக்கம். திரையில் குடித்தவர் வந்தால் சிரிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963இல் வந்த தமது நூலில், இழிவு அதைச் சுமப்பவரோடு நிற்காமல் கூட இருப்பவர்மீதும் படரும் என்று விளக்கியிருந்தார். அதற்கு உரை வேண்டுமானால் நம் பள்ளிக்கூடங்களுக்குப் போனால் போதும். ‘குடிகாரன் புள்ளை’ என்ற பட்டத்தை ஒரு குழந்தை எத்தனையாம் வகுப்பில் முதலில் கேட்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள்.

இதெல்லாம் தமிழ்ப் பண்பாட்டில் காலங்காலமாக ஊறியது, மாற்றமுடியாது என்பவர்களுக்கு ஒரு சிறு நினைவூட்டல். சங்கப் பாடல்களில் கள் விருந்தின் பகுதி. அதியமான் இறந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாடல், அவன் கள்ளைத் தன்னோடு பகிர்ந்துகொண்டதைப் பெருமையாகவே சொல்கிறது. கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக்கிய வள்ளுவர் அதை வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவில் வைத்தார். சூதை அடுத்து வருவது மருந்து. ஒழுக்கத்துக்கும் மருத்துவத்துக்கும் இடையில் இந்தப் பொருள் அப்போதே தடுமாறி நின்றது என்று அந்த வரிசையைப் படிக்க எனக்குத் தோன்றுவதுண்டு. அதை ஆதாரமாக முன்வைக்கவில்லை.

நம் கண்முன்னே ஆண்டுதோறும் நடக்கும் ஒன்றை ஆதாரத்துக்கு நெருக்கமாகச் சொல்லலாம். கார்த்திகை முதல் தேதி, நேற்றுவரை ஊரே ஏளனம் செய்த ஒருவர் கழுத்தில் துளசிமாலை ஏறுகிறது. அன்று காலையிலிருந்து அவருக்குப் பெயர் ‘சாமி’. மனைவி சாமி என்கிறார், டீக்கடைக்காரர் சாமி என்கிறார், நேற்று அவரை ஒருமையில் அதட்டிய கான்ஸ்டபிளும் "சாமி, ஓரமா நில்லுங்க" என்கிறார். வீட்டில் அவருக்குத் தனி டம்ளர், தனிப் பாய். இப்படி மாலை போட்டவர்களில் பலர் ஒரு மண்டலம் ஒரு சொட்டும் தொடுவதில்லை. இதில் பக்தி இருக்கிறது, பயம் இருக்கிறது, குருசாமியின் கண்காணிப்பு இருக்கிறது, உடன் மாலை போட்டவர்களின் துணை இருக்கிறது. மரியாதைச் சொல்லை மட்டும் பிரித்தெடுத்து இதுதான் காரணம் என்று காட்ட யாராலும் முடியாது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் நடுவில் இருப்பது ஒரு புதிய பெயர். அந்தப் பெயருக்குத் தக்கபடி நடக்கும்படி ஊர் முழுவதும் அவருக்கு வழிவிடுகிறது. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அதையும் இதே கோணத்தில் பார்க்கலாம்: மாலையோடு பெயரும் கழன்றுவிடுகிறது, பழைய பெயர் வாசலிலேயே காத்திருக்கிறது. ஒரு மருத்துவ எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக நாள்தோறும் குடிப்பவர் மாலைக்காகவோ, கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ ஒரே நாளில் நிறுத்தினால், முதலில் சொன்ன நடுக்கமும் வலிப்பும் வீட்டிலேயே வரக்கூடும். அதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது சாமிக்குத்தம் ஆகாது.

மரியாதைக்கு எதிராக எழும் மறுப்புகளில் மிகக் கனமானது மனைவிமார்களிடமிருந்து வருவது. தாலியை அடகு வைத்தவனை, பிள்ளையின் பீஸ் பணத்தை எடுத்துக்கொண்டு போனவனை, அடித்தவனை, நோயாளி என்று சொல்லச் சொல்கிறீர்களா? அவனுக்கு மரியாதை, எனக்கு என்ன? இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகும் எந்த வாதமும் மேடைப் பேச்சாகத்தான் இருக்கும். அடி குற்றம், அதற்குச் சட்டம் இருக்கிறது, குடித்திருந்தேன் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. நோயைப் பெயரிட்டுச் சொல்வது செயலுக்கான பொறுப்பைக் குறைப்பதில்லை. உண்மையில் தப்பித்துக்கொள்ளும் வழி இப்போதுள்ள மொழியில்தான் இருக்கிறது. "குடிகாரன்னு தெரியும்ல, அவன்கிட்ட ஏன் வாய் கொடுத்தே?" என்று அடிபட்டவளைக் கேட்கும் ஊர், அடித்தவனின் பொறுப்பை அந்தப் பெயருக்குள்ளேயே கரைத்துவிடுகிறது. அவன் அப்படித்தான் என்று ஆகிவிட்டால் அவனிடம் கணக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கணக்குக் கேட்க வேண்டுமானால் அவரை ஆளாக மதிக்க வேண்டியிருக்கிறது. இதில் பெண்களின் கோபம் நம் மொழியைவிடச் சரியான இலக்கை அறிந்திருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தமிழகத்தில் நடந்த மது எதிர்ப்புப் போராட்டங்களில் அவர்கள் கல்லெறிந்தது கடைமீது. கோஷம் கடையை மூடு என்பது.

வெட்கப்பட்டால்தானே திருந்துவான் என்பது இன்னொரு மறுப்பு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கனடாவில் டேனியல் ரான்டில்ஸும் ஜெசிகா டிரேசியும் இதை நேரடியாகச் சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். புதிதாகக் குடியை நிறுத்தியவர்களிடம் கடைசியாகக் குடித்த சந்தர்ப்பத்தைப் பற்றிப் பேசச் சொல்லி, அப்போது அவர்கள் தோள் குறுகுவதையும் மார்பு ஒடுங்குவதையும் படமெடுத்து அளந்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தபோது, உடலில் அதிக வெட்கத்தைக் காட்டியவர்களே மறுபடி குடிப்பதற்கு அதிக வாய்ப்புள்ளவர்களாக இருந்தார்கள். குடித்த அளவும் கூடுதல். செய்ததற்காக வருந்துவது வேறு, நானே கேடுகெட்டவன் என்று குறுகுவது வேறு என்ற பழைய பாகுபாட்டோடு இந்த ஆய்வு ஒத்துப்போகிறது. புகைபிடிப்பதற்கு எதிரான சமூக வெறுப்பு பலன் தந்ததே என்று கேட்கலாம். தந்தது. ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்த விதி சிகரெட்டைத் தள்ளிவைத்தது, அலுவலகத்தை விட்டு வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தவரை யாரும் மனிதக் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. பீடி குடிப்பவர் சொல்லும் சாட்சி செல்லாது என்று ஒரு பழமொழியும் நம்மிடம் இல்லை.

சரி, எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் நாளடைவில் அதிலும் கறை படியும், பிறகு வேறு சொல் தேட வேண்டும் என்கிறார்கள். மொழியியலாளர் ஸ்டீவன் பிங்கர் இதை விரிவாகச் சொன்னவர். அவர் சொன்னதில் பாதி உண்மைக்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது: மதுப்பிரியர். கடை நேரம் மாறினாலும் விலை கூடினாலும் செய்திகளில் ‘மதுப்பிரியர்கள் ஏமாற்றம்’ என்று வருகிறது. மேலுக்கு மரியாதை, உள்ளே கேலி; நோயாக இருக்கக்கூடிய ஒன்றை ருசியாக மாற்றிவிடும் தந்திரமும் கூட. மென்மையான சொல்லெல்லாம் மரியாதையான சொல் அல்ல. ஆனால் மறுபாதிக்கு எதிர்ச்சாட்சியும் நம்மிடமே இருக்கிறது. குஷ்டரோகி என்ற சொல் பொதுப்பேச்சிலிருந்து விலகியதற்கும், 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டுமருந்து சிகிச்சை ஊர்தோறும் வந்ததற்கும், கடைசியில் 2019இல் தொழுநோயை விவாகரத்துக்கான காரணப் பட்டியலிலிருந்து நாடாளுமன்றம் நீக்கியதற்கும் தொடர்பு இருக்கிறது. மு. கருணாநிதி ஆட்சிக் காலத்தில் அரசாணைகளிலும் துறைப் பெயரிலும் நுழைந்த மாற்றுத்திறனாளி என்ற சொல், ஊனத்தைக் குறிக்கும் வசவுச் சொற்களை இருபது ஆண்டுக்குள் அச்சிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. திருநங்கை என்ற சொல்லோடு 2008இல் ஒரு நல வாரியமும் வந்தது. சொல் தனியாக வந்தால் கறைபடும். மருந்தோடும் சட்டத்தோடும் வந்தால் நிலைக்கும். தமிழகம் இதை ஏற்கெனவே மூன்று முறை செய்து காட்டியிருக்கிறது.

அப்படியானால் எந்தச் சொல்? குடிநோயாளி என்பது இப்போது சிகிச்சை வட்டாரத்தில் புழங்குகிறது. குடியை நோயாகப் பார்க்கும் பார்வை தமிழகத்தில் வேரூன்றியதில், சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனைக்கு முக்கியப் பங்கு உண்டு. குடும்பத்தாரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்த இடம் அது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இருந்தாலும் நோய் என்ற சொல்லுக்கும் ஒரு விலை இருக்கிறது. அதே ஜான் கெல்லி குழுவினர் 2021இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் ஆறு விதமான வர்ணனைகளைச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வரும் மூளைநோய் என்ற வர்ணனை பழிசுமத்துவதை மிகவும் குறைத்தது. ஆனால் இவர் தேறிவருவார் என்ற நம்பிக்கையை ‘பிரச்சினை’ என்ற சாதாரணச் சொல்தான் கூடுதலாகத் தந்தது. ஆக, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைச் சொல் இல்லை என்பதே அவர்கள் முடிவு. தமிழுக்கு இது நல்ல செய்தி. நம் மொழி பெயர்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை; வினையாலே சொல்ல முடியும். குடிப்பழக்கத்தால் பாதிக்கப்பட்டவர், குடிக்குச் சிகிச்சை எடுப்பவர், குடியை விட்டு நாலு வருஷம் ஆனவர். இவற்றில் எதிலும் மொழிபெயர்ப்பு வாடை இல்லை, எதுவும் ஆளை முத்திரை குத்தி முடித்துவிடவும் இல்லை. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில், இன்று தமிழக ஊர்களிலும் நடக்கும் அக்கூட்டங்களில், தம்மைத் தாமே குடிநோயாளி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார்களே என்று கேட்கலாம். அது அவர்கள் உரிமை. கேட்கும் ஒவ்வொருவரும் அதே பாதையில் வந்தவர் என்ற உறுதியில், பேச்சுக்கு மதிப்பு உள்ள ஓர் அறையில் சொல்லப்படும் பெயர் அது. அதே பெயரை வேலைக்கு ஆள் எடுப்பவர் சொன்னால் பொருள் வேறு.

நலம் பெறுவதைப் பற்றிய நம் சொற்கள் இன்னும் மோசம். ‘திருந்திட்டான்’ என்கிறோம், சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தவரைத் திருந்தினார் என்பதில்லை. திருந்தியவன் மறுபடி ஒரு நாள் குடித்தால், "வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிடுச்சு." அந்தக் கதையில் வேதாளத்தின் இயல்பே அதுதான் என்பதால் இந்த உவமை அவருக்கு மீட்சியே கிடையாது என்று சொல்லிவிடுகிறது. தாமஸ் மெக்லெல்லன் குழுவினர் 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை, போதை சிகிச்சைக்குப்பின் ஓராண்டுக்குள் பழக்கம் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு என்றும், ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா நோயாளிகளில் நோய் திரும்புவோர் இதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பதாகவும் காட்டியது. மாத்திரையை விட்டதால் பிரஷர் ஏறிய மாமாவிடம் "ஏன் விட்டீங்க, டாக்டரைப் பாருங்க" என்கிறோம். மறுபடி குடித்தவரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன, மாற்றிக் கொடுத்துப் பார்க்க முடியும் என்பதெல்லாம் முருங்கை மரத்தடியில் நிற்கும் குடும்பத்துக்குத் தெரிவதே இல்லை.

அரசின் மொழியும் ஒரே குரலில் இல்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 27ஆம் பிரிவில் உட்கொள்பவருக்குச் சிறை என்கிறது. 64ஏ பிரிவில், தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்கிறது. முதல் பிரிவை அறிந்த அளவுக்கு இரண்டாவதை அறிந்தவர்கள் குறைவு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, பாகுபாடில்லாத சிகிச்சையை உரிமையாக்கியது. தமிழகத்தில் 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்து ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் அரசின் துறைக்குப் பெயர் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. விற்பவருக்குக் கண்ணியமான பெயர், வாங்குபவருக்கு வசவு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர், பெண்கள் உட்பட, இறந்தார்கள். குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் என்றதும், குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பணம் என்ற பேச்சு டீக்கடையிலிருந்து நீதிமன்ற மனு வரை போனது. தொகை சரியா என்பது விவாதிக்கத் தக்க கேள்விதான். ஆனால் அந்தப் பேச்சில் இறந்தவர் விஷம் கொடுக்கப்பட்டவர் என்பதே மறைந்துபோயிற்று. மெத்தனால் விஷத்துக்கு ஃபோமெபிசோல் போன்ற மாற்றுமருந்து உண்டு. எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்கிறோம் என்பதில் கண்பார்வையும் உயிரும் நிற்கின்றன. சாராயம் குடித்தேன் என்று தயங்காமல் சொல்ல முடிகிற ஊரில் அந்த நேரம் மிச்சமாகும்.

மருத்துவமனைகளுக்கு வழி தெரியாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட ‘ஆடிட்’ என்ற கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள் உண்டு. அவற்றில் ஒன்றுகூட நீங்கள் குடிகாரரா என்று கேட்பதில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்று எண்ணிக்கையாகவே போகிறது. பெயர் சூட்டாமல் கேட்டால் உண்மை வரும் என்பதன்மேல் கட்டப்பட்ட கருவி அது. உறவினர்களை இரண்டு நிமிடம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இதைக் கேட்க எந்த வார்டிலும் முடியும். பத்திரிகைகளின் வேலை இதைவிடச் சுலபம். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் 2017இல் தன் நடைக்கையேட்டைத் திருத்தி, போதைக்கு ஆட்பட்டவரைக் குறிக்கும் முத்திரைப் பெயரைச் செய்தியாளர்கள் எழுதக்கூடாது என்றது. நம் நாளிதழ்கள் தற்கொலைச் செய்திகளின் அடியில் உதவி எண் போடப் பழகியிருக்கின்றன. அதேபோல் ‘போதை ஆசாமி’யையும் சிலேடைக் ‘குடிமகனை’யும் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, மது தொடர்பான செய்திகளின் அடியில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446ஐ அச்சிடலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். செய்தி ஆசிரியர்கள் நாளையே செய்யத் தொடங்கலாம்.